கொழுந்து முதல் குவளை வரை



நாள்தோறும் நாம் பருகும் தேநீர் எவ்வாறு உருவாகிறது, எவருடைய உழைப்பால் உருவாகிறது என்பதை நேரில் கண்டறிய, திருவக்கரையிலிருந்து நாங்கள் சிலர் நீலகிரிக்குச் சென்றோம். மேட்டுப்பாளையம் கடந்து குன்னூர் மலைப்பாதையில் ஏறியதும் இருபுறமும் தேயிலைச் சரிவுகள் விரிந்தன. அங்குக் கற்றவற்றை உங்கள் முன் வைக்கிறோம்.

தேயிலை இயற்கையில் ஒரு மரம். வெட்டாமல் விட்டால் ஓங்கி வளரும். கொழுந்து கைக்கு எட்டவேண்டும் என்பதற்காகவே அதனைக் கவாத்து செய்து இடுப்பளவில் நிறுத்துகின்றனர். ஈரிலையும் ஒரு மொட்டுமாகப் பெண்கள் கொழுந்து பறிக்கின்றனர். ஆலையில் அக்கொழுந்து பல மணி நேரம் வாட்டப்படுகிறது. பின்னர் இயந்திரத்தில் நசுக்கப்படுகிறது. கசிந்த சாற்றில் காற்றுப் பட்டதும் பச்சை நிறம் மாறிச் செம்பு நிறம் தோன்றுகிறது. வெப்பக் காற்றில் உலர்த்தியதும் அது கறுக்கிறது. அதனைச் சலித்துத் தரம் பிரித்து ஏலத்திற்கு அனுப்புகின்றனர். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு நான்கு கிலோவிற்கும் மேலான பசுங்கொழுந்து வேண்டும்.

இக்கொழுந்தைப் பறித்தோர் யாவர்? இலங்கையில் கண்டிக்கு அருகே 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். வறுமையும் தீண்டாமையும் துரத்த, கங்காணிகளின் சொல்லை நம்பி அத்தீவின் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர்களில் பெரும்பகுதியினர் தாழ்த்தப்பட்ட சமுதாயத்தினரே. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் ஏற்பட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. தாயகம் திரும்பியோருக்கு வேலையளிக்கவே தமிழக அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அத்திட்டமே 1976இல் 'டான்டீ' என்னும் அரசு நிறுவனமாயிற்று.

நம்மவர் பறித்த இலை ஊர்த் தேநீர்க் கடைக்கு வந்தபோது, அதே நம்மவர்க்குத் தனிக்குவளையில் ஊற்றப்பட்டது. கொழுந்தைக் கிள்ளிய கையால் வராத தீட்டு, குவளையைத் தொட்டதும் வந்துவிட்டதாம்! தீண்டாமை எத்துணைப் பொய்யானது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தோழர்களே! நம் கைகள் நெடுங்காலம் கொழுந்து பறிப்பதோடு நிறுத்தப்பட்டன. வாட்டத்தின் பதம் அறிதல், தரம் பிரித்தல், சுவை ஆய்தல், ஏலம் நடத்துதல், கணக்கு எழுதுதல் ஆகிய யாவும் கல்வியால் கைகூடும் தொழில்களே. ஆலையின் வாயிலில் நின்றுவிடாமல் உள்ளே சென்று அவற்றைக் கற்கும் தலைமுறை நம் ஊர்களிலிருந்து எழவேண்டும்.

தேயிலை மரத்தைக் குள்ளமாக்கியது மண்ணன்று, கத்தியே. நம் பிள்ளைகளின் படிப்பை, குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் படிப்பை, இடையில் நிறுத்துவதும் அத்தகைய வெட்டே ஆகும். அவ்வெட்டு நம் வீடுகளிலிருந்து விழாதிருக்கட்டும்.