ஓ.பி. சீட்டில் என்ன எழுதியிருக்கு?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் எங்கள் சுகாதாரக் குழு பேசியது)



தீர்மான நோட்டு, சேமிப்புப் பாஸ்புக், கடன் லெட்ஜர் எல்லாவற்றையும் நாம் கண்ணும் கருத்துமாக வைத்திருக்கிறோம். ஒரு ரூபாய் இடித்தாலும் கூட்டத்தை முடிக்க விட மாட்டோம். ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டு? மருந்து வாங்கியதும் கசக்கிப் போட்டுவிடுகிறோம். அதனால் நம் பெண்கள் இருவர் பட்ட பாட்டைத்தான் இன்று பேச வந்தோம்.

முதலாவது, எங்கள் பக்கத்துக் குழுத் தங்கை ஒருத்தி. மார்பில் கட்டி என்று போனாள். டாக்டர் ஒரு கேள்விக்குறி போட்டு, பக்கத்தில் ‘சி.ஏ. பிரஸ்ட்’ என்று எழுதினார். புற்றுநோயா என்று சோதித்துப் பார்க்கணும் என்பதுதான் அதற்கு அர்த்தம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது வேறொருவர் அதைப் பார்த்து எழுதினார். கேள்விக்குறி விட்டுப்போச்சு. சீட்டைப் படித்த உறவுக்காரப் பையன் “கேன்சர்னு போட்டிருக்கு” என்று சொல்ல, அன்று ராத்திரியே அவளுக்குத் தட்டு தனி, டம்ளர் தனி. கடைசியில் சதைப் பரிசோதனையில் சாதாரண நார்க்கட்டி என்று வந்தது. கட்டி சரியாப் போச்சு, ஊர்ப் பேச்சு போகலை. ஒன்று சொல்கிறோம்: நிஜமாகவே புற்றுநோய் என்றாலும் அது ஒட்டிக்கொள்கிற வியாதி இல்லை. தட்டைத் தனியாக வைக்க வேண்டியதே இல்லை.

இரண்டாவது, ஓர் அக்கா. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, கரண்டு வைத்தியம் எல்லாம் முடிந்து தினம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். முதுகு வலி என்று வேறு ஆஸ்பத்திரிக்குப் போனார். கையில் இருந்த சீட்டில் ‘தெரிந்த புற்றுநோய்’ என்பதற்கான சுருக்கெழுத்து மட்டும்தான் இருந்தது. எந்தப் பக்கம்? சிகிச்சை எப்போ முடிஞ்சது? மாத்திரை எதுக்கு? டாக்டர் கேட்ட எதற்கும் பதில் இல்லை. பழைய காகிதமெல்லாம் பரணில் மழையில் நனைந்து போயிருந்தது. நகல் வாங்க இரண்டு தடவை அலைந்ததில் நாலு நாள் கூலி போச்சு. அதுவரை அந்த வலி எதனால் என்றே தெரியாமல் அக்கா தூக்கமில்லாமல் கிடந்தார்.

டாக்டர் எழுதுவதை வைத்துத்தான் நோய்க்கு எண் போடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. என்ற பட்டியல் அது. அதன் 10-வது பதிப்பு 1990-ல் ஏற்கப்பட்டது. 11-வது பதிப்பு 2022-ல் நடைமுறைக்கு வந்தாலும் 10-வது பதிப்பு இன்னும் பல இடங்களில் புழக்கத்தில் இருக்கிறது. அதில் மார்பகப் புற்றுநோய் சி 50, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் சி 53. மார்பில் கட்டி மட்டும் என்றால் என் 63. முன்பு மார்பகப் புற்றுநோய் வந்து குணமானவருக்கு இசட் 85.3. வீட்டில் அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தது என்றால் இசட் 80.3. பாருங்கள், ‘இருக்கு’, ‘இருந்தது’, ‘இருக்குமோ’ என்ற மூன்று வார்த்தைக்கும் மூன்று எண்.

நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் பலர் சென்னை, திருச்சி, கோவையில் மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறார்கள். அமெரிக்க ஆஸ்பத்திரிக் காகிதங்களுக்கு எண் போடுவது அவர்கள் வேலை. அங்கே உள்ள விதி இது: வெளிநோயாளி சீட்டில் ‘சந்தேகம்’, ‘இருக்கலாம்’ என்றிருந்தால் புற்றுநோய் எண் போடக் கூடாது. கட்டி, வலி என்று கண்டதற்கு மட்டும் எண். சிகிச்சை நடக்கிறது என்றால் சி எண். நோயை அகற்றி, சிகிச்சையும் முடிந்து, நோயின் அடையாளம் இல்லை என்றால்தான் இசட் 85. அக்கா சாப்பிடுகிற மாதிரி மாத்திரை, நோய்க்கு வைத்தியமாகவா, திரும்ப வராமல் தடுக்கவா என்று டாக்டர் எழுதினால்தான் சரியான எண் போட முடியும். ஊகித்துப் போடக் கூடாது.

இன்னொன்று. மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவினால் அதை ‘எலும்புப் புற்றுநோய்’ என்று எழுதுவது சரியில்லை. தொடங்கிய இடம், பரவிய இடம் இரண்டும் எழுதணும். தொடங்கிய இடத்தைப் பொறுத்துத்தான் மருந்தே.

ஆகவே சகோதரிகளே, டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்:

1. இது உறுதியா, சந்தேகமா?
2. எந்த இடம், எந்தப் பக்கம்?
3. வேறெங்கும் பரவியிருக்கா?
4. சிகிச்சை நடக்குதா, முடிஞ்சதா? முடிஞ்சதுன்னா எந்தத் தேதி?
5. இந்த மாத்திரை எதுக்கு, எத்தனை வருஷத்துக்கு?

“ஐயா, இதைச் சீட்டுல எழுதிக் குடுங்க” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. தப்பாக இருந்தால் நாமே அடித்துத் திருத்தக் கூடாது. எழுதியவரிடமே போய்த் திருத்தி, கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். சதைப் பரிசோதனை ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டையும் உயிர் போல வைத்திருங்கள். காப்பீட்டுக்கு மனுப் போடும்போதும் அவைதான் கைகொடுக்கும்.

எங்கள் குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். வீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் ஃபைல். பழைய சீட்டு அடியில், புதுச் சீட்டு மேலே. படிக்கத் தெரியாதவர்களுக்கு ஊக்குநர் படித்துச் சொல்வார், வெளியே சொல்ல மாட்டார். அந்த அக்காவும் இப்போது ஃபைலோடுதான் ஆஸ்பத்திரி போகிறார். முதுகு வலி எலும்புத் தேய்மானம் என்று தெரிந்து, நிம்மதியாகத் தூங்குகிறார்.

உங்கள் குழுவிலும் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகப் போடுங்கள்.