பட்டியலில் நேரும் பிழைகளும் அவற்றைக் களையும் முறையும்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற மாணவர் வழிகாட்டு அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கணிப்பொறி நிரலாக்கத்தில் தொடக்க நிலை மாணவர்க்கு நேரும் பிழைகளைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். நாம் பயின்றது கலைப் பாடம்; பெற்ற பட்டங்கள் பி.ஏ., பி.எட். ஆயினும் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் என்ற முறையில், கணிப்பொறி அறையில் மாணவரோடு அமர்ந்து பார்த்துவரும் வாய்ப்பு நமக்கு உண்டு. அங்கு நாம் கண்ட உண்மை ஒன்று உள்ளது. பாடம் கடினம் என்பதால் விலகும் மாணவர் சிலரே. திரையில் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி தோன்றியதும், "இது நமக்கு வராது" என்று தமக்குத் தாமே தீர்ப்பெழுதிக்கொண்டு விலகுவோரே பலர். வீட்டில் முதன்முதலாகக் கல்வி கற்க வந்த பிள்ளைக்கு, "அது எல்லோருக்கும் வருகிற பிழைதான்" என்று சொல்ல அண்ணனோ அக்காளோ இருப்பதில்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்லவே இன்று வந்துள்ளோம்.

நம் மாநிலத்தில் 2018-19ஆம் கல்வியாண்டில் 11ஆம் வகுப்புக்கும், 2019-20இல் 12ஆம் வகுப்புக்கும் வந்த புதிய பாடத்திட்டத்தில், கணினி அறிவியல் மாணவர்க்கு முறையே சி++ மொழியும் பைத்தான் மொழியும் வைக்கப்பட்டன. முதல் மொழியில் 'அணி' என்பதும், இரண்டாம் மொழியில் 'பட்டியல்' என்பதும் மாணவரை மிகுதியாகத் தடுக்கி விழச் செய்கின்றன. பட்டியல் என்னும் சொல்லை அரசாணையிலும் சாதிச் சான்றிதழிலும் கண்டு பழகியவர்கள் நாம். இங்கு அச்சொல்லின் பொருள் எளியது. பல மதிப்புகளை ஒரே பெயரின் கீழ் வரிசையாக வைப்பதே பட்டியல். சி++ மொழியின் அணியில் எல்லா உறுப்புகளும் ஒரே வகையாக இருத்தல் வேண்டும். எத்தனை உறுப்புகள் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். பைத்தான் பட்டியலோ வேண்டியபோது நீளும், வேண்டாதபோது சுருங்கும்.

முதலாவது பிழை, எண்ணிக்கை பூச்சியத்தில் தொடங்குவதை மறப்பது. பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயரே சூட்டலாம். எனவே இப்படி எழுதுவோம்:

மதிப்பெண் = [72, 45, 88, 31, 64]

இதில் உறுப்புகள் ஐந்து. ஆனால் முதல் உறுப்பின் சுட்டெண் 0; கடைசி உறுப்பின் சுட்டெண் 4. மதிப்பெண்[5] என்று கேட்டால் "லிஸ்ட் இண்டெக்ஸ் அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்ற செய்தி வரும். பட்டியலில் இல்லாத இடத்தைக் கேட்கிறாய் என்பதே அதன் பொருள். பூச்சியத்தில் ஏன் தொடங்க வேண்டும் என்று மாணவர் கேட்பர். நியாயமான கேள்வியே. தெரு முனையில் நின்றுகொண்டு, முதல் வீட்டை அடைய எத்தனை வீடுகளைக் கடக்க வேண்டும் என்று கேட்டால், ஒன்றுமில்லை என்பதே விடை. இரண்டாம் வீட்டிற்கு ஒன்று. ஐந்தாம் வீட்டிற்கு நான்கு. சுட்டெண் என்பது வீட்டின் கதவிலக்கமன்று. கடந்துவந்த வீடுகளின் கணக்கு. 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழி ஒன்றிலிருந்தே எண்ணியது. பின்னர் 1970களில் உருவான சி மொழி பூச்சியத்தைக் கொண்டது. டைக்ஸ்ட்ரா என்னும் நெதர்லாந்து அறிஞர், பூச்சியத்தில் தொடங்குவதே சீரானது என்று 1982இல் ஒரு குறிப்பு எழுதிக் காரணம் காட்டினார். பூச்சியத்தில் தொடங்கி, நீளத்திற்கு முன் நிற்பது: இவ்விதியை மனத்தில் இருத்தினால் பாதிப் பிழைகள் நீங்கும்.

பைத்தான் பிழையை உரக்கச் சொல்லிவிடும். சி++ மொழியின் சாதாரண அணியோ அவ்வாறு செய்வதில்லை. மடக்கின் நிபந்தனையில் 'ஐந்தைவிடச் சிறியது' என்று எழுத வேண்டிய இடத்தில் 'சிறியது அல்லது சமம்' என்று எழுதினால், நிரல் எல்லையைத் தாண்டி நினைவகத்தின் அடுத்த இடத்தைப் படிக்கும். அங்குக் கிடக்கும் பொருளற்ற எண் விடையாக வரலாம். சரியான விடைபோலவே தோன்றவும் செய்யலாம். எழுதப் போனாலோ வேறொரு மாறியின் மதிப்பு மாறிப்போகலாம். பிழைச் செய்தி வரவில்லை என்பதால் பிழையில்லை என்று கருதற்க. பைத்தானிலும் இத்தகைய மறைவிடம் ஒன்று உண்டு. அங்கு -1 என்னும் சுட்டெண் கடைசி உறுப்பைக் குறிக்கும். கணக்குத் தவறி -1 வந்துவிட்டால், நிரல் வாய் திறவாமல் கடைசி மாணவரின் மதிப்பெண்ணை எடுத்துத் தந்துவிடும்.

இரண்டாவது பிழை, பெயரைப் பொருள் என்று எண்ணுவது. மாணவர் "நகல் = மதிப்பெண்" என்று எழுதி, நகலில் ஓர் எண்ணைத் திருத்துகிறார்; மூலமும் மாறிவிடுகிறது. கணிப்பொறி பழுது என்று முறையிடுகிறார். பழுதொன்றுமில்லை. ஒரே வருகைப் பதிவேட்டின் மேல் இரண்டு பெயர்ச்சீட்டு ஒட்டினால் பதிவேடு இரண்டாகிவிடுமோ? உண்மையான நகல் வேண்டுமாயின் "நகல் = மதிப்பெண்[:]" என்று எழுதுதல் வேண்டும். இதே பிழை அடுக்குப் பட்டியலில் இன்னும் ஆழமாக மறைந்திருக்கும். "இருக்கை = [[0] * 3] * 3" என்று எழுதினால் மூன்று வரிசைகள் அமைந்தன என்று தோன்றும். அமைந்தது ஒரே வரிசை, மும்முறை சுட்டப்படுகிறது. முதல் வரிசையில் ஓர் இருக்கையை நிரப்பினால் மூன்று வரிசையிலும் அது நிரம்பும். ஒவ்வொரு வரிசையையும் மடக்கினுள் தனித்தனியே உருவாக்குவதே வழி.

மூன்றாவது பிழை, பட்டியலின் மீது நடந்துகொண்டே அதை வெட்டுவது. [20, 30, 80, 25] என்னும் பட்டியலில் 35க்குக் குறைந்தவற்றை நீக்க வேண்டும் என்று கொள்வோம். மடக்கு முதல் இடத்தில் 20ஐக் கண்டு நீக்குகிறது. உடனே 30 நகர்ந்து முதல் இடத்திற்கு வந்துவிடுகிறது. மடக்கோ இரண்டாம் இடத்திற்குப் போய்விட்டது. அங்கு நிற்பது 80. ஆகவே 30 எவர் கண்ணிலும் படாமல் தப்பிவிடுகிறது. அடுத்து 25 நீங்கும். முடிவில் எஞ்சுவது [30, 80]. வரிசையில் நிற்பவரை எண்ணும்போது ஒருவர் விலகி மற்றவர் முன்னே நகர்ந்தால் எண்ணுபவர் ஒருவரைத் தவறவிடுவது போன்றது இது. வேண்டியவற்றைப் புதிய பட்டியலில் சேர்த்துக்கொள்வதே பழுதில்லாத முறை.

நான்காவது பிழை, செயற்கூறு எதைத் திருப்பித் தருகிறது என்று பாராமை. 'சார்ட்' என்னும் செயற்கூறு பட்டியலை இருந்த இடத்திலேயே வரிசைப்படுத்திவிட்டு, 'நன்' என்னும் வெறுமையைத் திருப்பித் தரும். அதை மீண்டும் அதே பெயரில் இட்டால் பட்டியல் கையை விட்டுப் போய்விடும். அடுத்த வரியில் ஓர் உறுப்பைக் கேட்டதும் 'நன்டைப்' என்ற சொல்லோடு செய்தி வரும். புதிய பட்டியல் வேண்டுவோர் 'சார்ட்டட்' என்பதைப் பயன்படுத்த வேண்டும்.

ஐந்தாவது பிழை, எழுத்தையும் எண்ணையும் மயங்குவது. விசைப்பலகையில் தட்டிய 35, பைத்தானுக்கு எண்ணன்று, இரண்டு எழுத்துகள். அதனோடு அவ்வாறே தட்டிய 9ஐக் கூட்டினால் 44 வராது, 359 வரும். 9, 35, 100 ஆகியவற்றை எழுத்தாகவே வரிசைப்படுத்தினால் 100, 35, 9 என்று அகராதி முறையில் நிற்கும். நூறு மதிப்பெண் பெற்றவர் மிகக் குறைந்தவர்போல முதலில் நிற்பார். உள்ளிடும்போதே எண்ணாக மாற்றிக்கொண்டால் இக்குழப்பம் எழாது.

இனி, பிழை நேர்ந்தபின் செய்ய வேண்டுவது யாது? ஐந்து படிகளைச் சொல்லுகிறோம், குறித்துக்கொள்க.

ஒன்று: பிழைச் செய்தியைப் படித்தல். பைத்தானில் கடைசி வரியை முதலில் படிக்க வேண்டும். அங்கேதான் காரணம் உள்ளது. அதற்கு மேல் உள்ள வரியெண் இடத்தைச் சொல்லும். அச்செய்தி வசவு அன்று, முகவரி.

இரண்டு: அந்த வரிக்குச் சற்று முன்பு, பட்டியலின் நீளத்தையும் சுட்டெண்ணின் மதிப்பையும் அச்சிடச் செய்தல். ஊகத்தை விட்டு உண்மைக்கு வரும் வழி இது.

மூன்று: பட்டியலை மூன்று உறுப்புகளாகச் சுருக்கித் தாளில் கட்டம் வரைந்து, மடக்கின் ஒவ்வொரு சுற்றிலும் எது எங்கு நிற்கிறது என்று எழுதிப் பார்த்தல். பள்ளியில் ஒரு கணிப்பொறிக்கு மூவர் காத்திருக்கலாம்; தாளுக்கும் பென்சிலுக்கும் காத்திருக்க வேண்டுவதில்லை. வீட்டில் கணிப்பொறி இல்லாத மாணவர் எவர்க்கும் பின்னடையாமல் செய்யத்தக்க பயிற்சி இதுவே.

நான்கு: ஒருமுறைக்கு ஒரு மாற்றமே செய்தல். மூன்றை ஒருங்கே மாற்றினால், எது தீர்த்தது என்பது தெரியாமற்போகும்.

ஐந்து: ஓரங்களைச் சோதித்தல். வெற்றுப் பட்டியல், ஓர் உறுப்பே உள்ள பட்டியல், முதல் இடம், கடைசி இடம் ஆகிய நான்கிலும் நிரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். வெற்றுப் பட்டியலின் சராசரி காண முயன்றால் பூச்சியத்தால் வகுக்க நேரும். நடுவில் நிற்பவை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஓரத்தில் நிற்பவையே விடுபட்டுப்போகும். இது நிரலுக்கு மட்டும் பொருந்துவதன்று என்பதை நீங்களே உணர்வீர்கள்.

மாணவச் செல்வங்களே, இப்பிழைகள் அறிவில் குறைந்தோர்க்கே வருவன என்று எண்ண வேண்டா. 1980இல் டூரிங் பரிசு பெற்ற டோனி ஹோர் என்னும் ஆங்கிலேய அறிஞர், தம் ஏற்புரையில் ஒரு செய்தி சொன்னார். 1960களில் அவர் குழுவினர் அமைத்த அல்கோல் மொழிபெயர்ப்பி, ஒவ்வொரு சுட்டெண்ணையும் எல்லைக்குள் உள்ளதா என்று ஒவ்வொரு முறையும் சோதித்தது. வேகம் கூட்டுவதற்காக அச்சோதனையை நிறுத்தும் வசதி வேண்டுமா என்று வாடிக்கையாளரைக் கேட்டபோது, வேண்டா என்று அனைவரும் ஒருமுகமாகக் கூறினராம். தம் நிரல்களில் இப்பிழை எத்துணை முறை நேர்கிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். தேர்ந்தவர்கள் தம்மை நம்பவில்லை, சோதனையை நம்பினர்.

அண்மைய சான்றும் ஒன்று உண்டு. 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் வங்கிகளும் தடுமாறின. கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் அமெரிக்கக் காப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு புதுப்பிப்பே காரணம். ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் செயலிழந்தன என மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. நிறுவனமே பின்னர் வெளியிட்ட ஆய்வின்படி, நிரல் எதிர்பார்த்தவை 21 உள்ளீடுகள், தரப்பட்டவை 20. இல்லாத இருபத்தோராவது இடத்தைப் படிக்கப் போய் நிரல் வீழ்ந்தது. நம் பிள்ளை ஐந்து உறுப்புப் பட்டியலில் மதிப்பெண்[5] என்று கேட்டதற்கும் இதற்கும் இனத்தில் வேறுபாடில்லை; அளவில்தான் வேறுபாடு. அங்கு அப்பிழை செய்தவர்களை எவரும் பிறப்பைச் சொல்லித் தகுதியற்றவர் என்று விலக்கவில்லை. காரணம் கண்டனர், எல்லைச் சோதனையைச் சேர்த்தனர். நாமும் அதுவே செய்வோம்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை நிரல் எழுதும்போது, "தப்பு வந்ததா?" என்று கேளாதீர், "எந்த வரியில் வந்தது?" என்று கேளுங்கள். கணிப்பொறி அறியாத தாயும் தந்தையும் கேட்கத்தக்க கேள்விதான் அது. பிள்ளை தேடிப் பார்த்து விடை சொல்லும்; சொல்லும்போதே பாதி வழி கடந்திருக்கும். ஆசிரியப் பெருமக்களும் பிழையைத் தாமே திருத்திக் கொடுத்துவிடாமல், மாணவரின் கையிலேயே பென்சிலைக் கொடுத்துக் கட்டம் வரையச் செய்வார்களாக.

இக்கழகத்தின் மாலை வகுப்பில் பயிலும் மாணவர்க்கு ஒரு பணி தருகிறோம். பிழைக் குறிப்பேடு ஒன்று தொடங்குங்கள். வந்த செய்தி, வரியெண், காரணம், தீர்த்த முறை ஆகிய நான்கையும் நாள்தோறும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு புதிதாக வரும் தம்பி தங்கையரிடம் அதை ஒப்படையுங்கள். வீட்டில் வழிகாட்ட எவருமில்லாத பிள்ளைக்கு அக்குறிப்பேடே அண்ணனாகவும் அக்காளாகவும் இருந்து, "இது எல்லோருக்கும் வருகிற பிழைதான், இப்படித் தீர்த்தோம்" என்று சொல்லும்.