"எனக்கு வராது" என்று சொன்னது யார்?

(ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த கூட்டமைப்பின் ஆண்டுக் கூட்டத்தில், ராஜபாளையம் வட்டாரத்து உறுப்பினர் ஒருவர் பேசியது.)



என்னைப் பேசச் சொன்னதும் நான் முதலில் சொன்ன வார்த்தை, "எனக்குப் பேச வராதுங்க" என்பதுதான். எங்க ஊக்குநர் சிரிச்சுக்கிட்டே, "அதையே போய்ப் பேசுங்கக்கா"ன்னாங்க. அதனால அதைப் பத்தியே பேசுறேன்.

நான் தையல் வேலை பார்க்கிறேன். ஒன்பது வருஷமா ஒரு கடைக்கு ஜாக்கெட் தைச்சுக் கொடுத்தேன். துணியைக் கடையிலேயே வெட்டிக் கொடுத்துடுவாங்க. நான் வீட்டு மிஷின்ல மூட்டித் தருவேன். வெட்டியும் தைக்கிறவங்களுக்குக் கூலி ஏறக்குறைய இரண்டு மடங்கு. அக்கம்பக்கத்துல யாராவது அளவு ஜாக்கெட் கொண்டு வந்து, "நீயே வெட்டித் தைச்சுக் குடு"ன்னு கேட்டா, "எனக்கு வெட்ட வராது"ன்னு திருப்பி அனுப்பிடுவேன். யாரும் என்னை வெட்டக் கூடாதுன்னு சொல்லலை. நானும் ஒரு நாள்கூட கத்திரியை எடுத்து வெட்டிப் பார்த்ததில்லை.

அந்த நேரத்துல என் வீட்டுக்காரர் சாரத்துல இருந்து விழுந்து ஆறு மாசம் படுத்துட்டார். மூட்டுற கூலி அரிசிக்கும் பருப்புக்கும்தான் கண்டது. குழுக் கடன் இரண்டு தவணை தவறிப் போச்சு. என்னால குழுவுக்கே கெட்ட பேர் வந்துடுமோன்னு கூட்டத்துக்கு வரவே கூச்சப்பட்டேன். எங்க குழுவிலேயே வெட்டத் தெரிஞ்ச ஒரு அக்கா இருக்காங்க. அவங்கதான் வீடு தேடி வந்து கூட்டிட்டுப் போனாங்க.

முதல் வாரம் பழைய பேப்பர்ல வெட்டினேன். அப்புறம் பழைய சேலையில. முதன்முதலா ஒருத்தருக்கு வெட்டின ஜாக்கெட்டுல கைக்குழி பிடிச்சுக்கிச்சு. கைக்காசைப் போட்டு வேற துணி வாங்கிக் கொடுத்தேன். அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரலை. ஆனா அடுத்தது சரியா வந்துச்சு. ஒன்பது வருஷம் பயந்த வேலையைப் பழக எனக்கு இரண்டு மாசம்கூட ஆகலை. விட்ட தவணையையும் கட்டி முடிச்சேன்.

சகோதரிகளே, இது என் ஒருத்தி கதை மட்டும் இல்லை. 1990-களின் தொடக்கத்துல புதுக்கோட்டை மாவட்டத்துல அறிவொளி இயக்கம் நடந்துச்சு. அப்ப ஷீலா ராணி சுங்கத் அங்கே கலெக்டர். எழுத்துச் சொல்லிக் கொடுத்ததோட, பெண்களுக்குச் சைக்கிளும் சொல்லிக் கொடுத்தாங்க. பொம்பளைக்கு எதுக்குச் சைக்கிள்னு கேலி பேசினவங்களும் உண்டு. ஆனாலும் கல் குவாரியில வேலை செய்றவங்க, வயல் வேலைக்குப் போறவங்க, அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம செவிலியர்கள்னு எல்லாரும் ஓட்டப் பழகினாங்க. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதப்ப ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினாங்க. 1992 மகளிர் தினத்துல 1,500 பேருக்கு மேல சைக்கிள்ல ஊர்வலம் போனாங்க.

பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்த நேரம் அவங்களுக்கு மிச்சமாச்சு. விளைஞ்சதை விற்கிறவங்க ஒரே நாள்ல நாலு ஊர் போக முடிஞ்சது. வேலைக்கும் போயிட்டு, தண்ணியும் பிடிச்சுட்டு வர முடிஞ்சது. கை காலெல்லாம் முந்தி இருந்ததுதான். மனசுல இருந்த பயம்தான் போச்சு.

மதுரைப் பக்கம் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மாவைக் கேள்விப்பட்டிருப்பீங்க. விவசாயக் கூலி வேலை பார்த்தவங்க. எழுதப் படிக்கத் தெரியாது. களஞ்சியம் குழுக்கள்ல தலைவியா வளர்ந்தாங்க. 2001-ல் டெல்லியில விருது கொடுத்தப்ப, பிரதமர் வாஜ்பாய் அவங்க காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ விருதும் கிடைச்சது. "நான் படிக்கலை"ங்கறது உண்மை. "படிக்காததால நாலு பேர் முன்னாடி பேச முடியாது"ங்கறது நாமளே சேர்த்துக்கிட்ட வேலி.

எல்லா வேலியும் நாம போட்டதுன்னு நான் சொல்ல வரலை. மில்லுல, பேண்டேஜ் துணி வேலையில, வயல்ல கூலி குறைஞ்சா அது நம்ம மனசுல இருக்கிற குறை இல்லை. பஸ் வராததும் நம்ம குறை இல்லை. அதை எல்லாரும் சேர்ந்து கேட்கணும். ஆனா அடுத்தவங்க போட்ட வேலி எது, நாமே போட்டது எதுன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியணும்.

அதுக்கு நான் செய்யறது இதுதான்:

1. "எனக்கு வராது"ன்னு வாயில வந்தா, "கடைசியா எப்ப முயற்சி பண்ணினேன்?"னு என்னையே கேட்டுக்குவேன். பதில் இல்லைன்னா அது நான் போட்ட வேலி.

2. நஷ்டம் வராத மாதிரி சின்னதா ஆரம்பிப்பேன். பால்கோவா கிண்டப் பழகணும்னா ஒரு லிட்டர் பால்ல பழகலாம். எடுத்ததும் பத்து லிட்டரை அடுப்புல ஏத்த வேண்டாம்.

3. தெரிஞ்சவங்ககிட்ட வெட்கப்படாம கேட்பேன். கேட்டா அசிங்கம்னு நினைச்சுத்தான் நான் ஒன்பது வருஷத்தை விட்டேன்.

4. ஒரு தடவை கெட்டுப் போனதை வச்சு முடிவு பண்ண மாட்டேன்.

குழுவுக்கும் ஒரு வேண்டுகோள். நிறையக் குழுக்கள்ல தீர்மான நோட்டு எழுத ஒருத்தர், பேங்குக்குப் போக ஒருத்தர்னு வருஷக்கணக்கா அவங்களேதான். மத்தவங்க "எங்களுக்கு வராது"ன்னு உட்கார்ந்துடுறோம். அவங்களுக்கு ஒரு நாள் உடம்பு சரியில்லைன்னா குழுவே நின்னு போகும். எழுதத் தெரிஞ்சவங்க மாதம் ஒருத்தரா நோட்டை எழுதலாம். எழுதத் தெரியாதவங்க பேங்குக்குக் கூடப் போய் நம்ம கணக்கை வாய்விட்டுக் கேட்கலாம்.

அடுத்த கூட்டத்துல ஒவ்வொருத்தரும், "எனக்கு வராதுன்னு இதுவரை விட்ட வேலை இது"ன்னு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்த வேலை தெரிஞ்சவங்க நம்ம குழுவிலேயே இருப்பாங்க.

பேச வராதுன்னு சொன்ன நான் இவ்வளவு நேரம் பேசிட்டேன்.