உள்ளே வரும் மாடிப்படி



இலுப்பூரில் கடைவீதியை விட்டு உள்தெருக்களில் நடந்தால், மாடி வீடுகளில் பலவற்றுக்குப் படி வெளியே இருப்பதைப் பார்க்கலாம். காம்பவுண்டுச் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே மூன்றடிச் சந்து. அதில் ஒண்டிக்கொண்டு ஏறுகிற கான்கிரீட் படி. பணம் வந்த விதம் அப்படி. சிங்கப்பூர், வளைகுடா என்று போனவர் முதல் சம்பாத்தியத்தில் கீழ்வீட்டைக் கட்டி, பில்லர் கம்பியை மேலே நீட்டி வைத்துவிடுவார். தங்கச்சி கல்யாணம், தம்பி படிப்பு எல்லாம் முடிந்த பிறகுதான் மாடி எழும்பும். அதையும் வாடகைக்கு விடுவதென்றால், குடியிருப்பவர் நம் கூடத்து வழியாகவா போவார்? படி வெளியே இருப்பதுதான் சரி.

அந்தக் கணக்கு பிள்ளைகள் தலையெடுத்த பிறகு மாறிவிடுகிறது. மாடியில் மகன் குடும்பம், கீழே வயதானவர்கள். ராத்திரி ஒரு மாத்திரை எடுத்துத் தரவேண்டுமென்றாலும் மழையில் நனைந்து இறங்கிவந்து கீழ்க்கதவைத் தட்டவேண்டும். 'உள்ளேயே ஒரு படி வச்சிரலாமா' என்ற பேச்சு அப்போது கிளம்பும். கட்டும்போதே படி வைப்பதைச் சுமாரான மேஸ்திரியும் செய்துவிடுவார். குடியிருக்கிற வீட்டுக்குள் படியை நுழைப்பதில்தான் கைத்திறன் தெரியும்.

நம் மாவட்டத்துக்குப் படி புதிதல்ல. அன்னவாசலைத் தாண்டினால் சித்தன்னவாசல். அங்கே குன்றின் விளிம்பில் பாறையைக் குடைந்து கால் வைக்க இடம் செய்திருக்கிறார்கள். ஏழடிப்பட்டம் என்று பெயர். அப்பால் சமணர் படுக்கைகள். ஊரை விட்டு ஒதுங்கியவர்கள் ஏறிய படி அது. சுலபமாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. செட்டிநாட்டுப் பழைய வீடுகளிலும் மாடிக்குப் போகிற மரப்படி பெரும்பாலும் குறுகலாக, செங்குத்தாக இருக்கும். அந்தக் காலத்து மாடியும் மச்சும் சாமான் வைக்கத்தான் அதிகம் பயன்பட்டன. வீட்டுக்குள் நாம் இப்போது வைக்கப்போகும் படியில் நாளைக்குப் பத்து முறை ஏறி இறங்கப்போவது மூட்டுவலிக்காரப் பாட்டியும் பள்ளிக்கூடம் போகும் குழந்தையும். அவர்கள் காலை வைத்துத்தான் இந்த வேலையை நான் எடைபோடுவேன்.

முதலில் கூரையை வெட்டவேண்டும். தளத்துக்குத் தளம் பத்தடி உயரம் என்றால், நடுவில் லேண்டிங் வைத்துத் திரும்பி ஏறும் படிக்குச் சுமார் பத்தடிக்கு ஆறரை அடி இடம் போய்விடும். கூடத்தில் ஒரு கட்டில், ஒரு பீரோ போடுகிற இடம் காலி. இதற்கு மனசில்லாதவர்கள் ஓட்டையைச் சிறிதாக வெட்டச் சொல்வார்கள். ஏறும்போது வெட்டிய விளிம்பு நெற்றியில் இடிக்கும். எந்தப் படியில் நின்றாலும் தலைக்கு மேல் உள்ள விளிம்பு, படியிலிருந்து ஏழடிக்குக் குறையக் கூடாது.

எங்கே வெட்டுவது என்பது அதைவிட முக்கியம். கூரையின் முக்கியக் கம்பிகள் பொதுவாக அறையின் அகலவாக்கில் ஓடும். நட்டநடுவில் அவற்றை வெட்டினால் மிச்சக் கூரை பிடிமானம் இல்லாமல் நிற்கும். அதனால் ஏற்கெனவே சுவரோ பீமோ இருக்கிற மூலையைத் தேர்ந்தெடுத்து, ஓட்டையின் நீளம் அந்தக் கம்பியின் போக்கிலேயே வருமாறு வைத்தால் குறைவான கம்பிகளே அறுபடும். திறந்த பக்கத்துக்குப் புது பீமோ இரும்பு கர்டரோ கொடுக்கவேண்டும். முட்டு கொடுக்காமல் உளியைத் தூக்குகிற ஆளை வீட்டுக்குள் விடாதீர்கள். சம்மட்டியால் அடித்தால் அதிர்ச்சியில் பக்கத்துக் கூரையிலும் விரிசல் ஓடும். வைர பிளேடு மிஷினால் தண்ணீர் விட்டு அறுப்பதற்குக் கூலி கூடுதல், ஆனாலும் அதுவே நல்லது. பழைய பீமில் மட்டும் யாரும் கைவைக்கக் கூடாது. இடத்தை முடிவு செய்யவேண்டியவர் எஞ்சினியர்.

சிலர் செல்போனில் படம் காட்டி, சுவரிலிருந்து பலகை பலகையாக நீட்டிக்கொண்டிருக்கும் படி கேட்கிறார்கள். நம் பக்கத்துக் கமலைக் கிணறுகளில் பார்த்ததுதானே! உள்சுவரில் கருங்கல்லைச் செருகி, மறுமுனை காற்றில் நிற்கும். அதில் இறங்கித்தான் தூர் வாருவார்கள். கல்லின் வாலை மேலே இருக்கிற சுவரின் பாரம் அமுக்கிப் பிடிப்பதால் அது நிற்கிறது. பில்லர் வீட்டில் நடுவே அடைத்த ஒன்பது அங்குலச் சுவருக்கு அந்தக் கனமில்லை.

இனி படிக்கணக்கு. தேசியக் கட்டட விதித் தொகுப்பு 2016-இன்படி வீட்டுப் படியின் உயரம் 19 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, மிதி 25-க்குக் குறையக் கூடாது. பத்தடி என்பது 120 அங்குலம். 17 படியாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஏழு அங்குலத்துக்கு அரை நூல் கூட. ஏழும் ஏழும் மிதியகலம் பத்தும் சேர்ந்தால் 24. பிரான்சுவா பிளாண்டெல் என்ற பிரெஞ்சுக்காரர் 1675-இல் வெளியிடத் தொடங்கிய கட்டடக்கலை நூலில், இரண்டு படி உயரமும் ஒரு மிதியகலமும் சேர்ந்தால் 24 அங்குலம் வரவேண்டும் என்றார். அவர் ஊர் அங்குலம் சற்றே பெரிது. நம் கொத்தனார்கள் அவரைப் படிக்காமலே ஏறக்குறைய அங்கே வந்து நிற்கிறார்கள். 'லாபம், நஷ்டம்' என்று எண்ணிக்கொண்டே ஏறுகிற பெரியவர்களுக்கும் 17 லாபத்தில்தான் முடியும்.

பிசகு நடப்பது முதல் படியிலும் கடைசிப் படியிலும். கான்கிரீட்டைச் சமமாக வார்த்துவிடுவார்கள். பிறகு ஒவ்வொரு மிதியிலும் கலவையும் கிரானைட்டுமாக இரண்டு அங்குலம் ஏறும். கீழ்த்தரையும் மேல்தரையும் ஏற்கெனவே டைல்ஸ் போட்டு முடிந்தவை, உயராது. ஆக முதல் படி ஒன்பது அங்குலம், கடைசிப் படி ஐந்து. நடுவில் பழகிய கால் மேலே போய்த் தடுமாறும். கைகாரக் கொத்தனார் டைல்ஸிலிருந்து டைல்ஸுக்கு அளந்து, முதல் படியை இரண்டு அங்குலம் குறைத்து, கடைசியை அந்த அளவு கூட்டி வார்ப்பார். சென்ட்ரிங் அடிக்கும்போதே இதைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

கான்கிரீட் போடும் முன் கம்பியையும் ஒருமுறை குனிந்து பாருங்கள். ஏறிவரும் ஸ்லாப் லேண்டிங்கில் மடிகிற இடத்தில் அடிக்கம்பியை அப்படியே வளைத்துக் கொண்டுபோயிருந்தால் பிரித்துக் கட்டச் சொல்லுங்கள். பாரம் ஏறினால் அந்தக் கம்பி நிமிரப் பார்க்கும், அடியிலுள்ள கான்கிரீட்டைப் பெயர்த்துவிடும். இரண்டு பக்கத்துக் கம்பியும் நேராகப் போய் ஒன்றையொன்று தாண்டி மேல்முகத்தில் பிடிக்கவேண்டும்.

இடமில்லையென்று சுருள் படி வைப்பவர்கள் உண்டு. ஐந்துக்கு ஐந்தடியில் அடங்கும், பார்க்கவும் அழகு. கட்டில் ஏறாது, படுத்த படுக்கையானவரைத் தூக்கி இறக்கவும் முடியாது. மொட்டை மாடிக்குப் போகிற வழிக்கு வேண்டுமானால் இருக்கட்டும்.

உள்படியால் நம் ஊர் வெயிலுக்கு ஒரு லாபமும் உண்டு. சூடான காற்று படிக்கட்டு வழியே மேலே போகும். உச்சியில் திறக்கிற ஜன்னல் வைத்தால் வெளியேறிவிடும். நிலையான கண்ணாடி போட்டு மூடினால் அத்தனை சூடும் மாடி அறைகளில் தங்கும்.

பழைய வெளிப்படியை மட்டும் இடித்துவிடாதீர்கள். தண்ணீர்த் தொட்டி கழுவ வருபவரும் டிஷ் ஆன்டெனா சரிசெய்ய வருபவரும் செருப்புக் காலோடு உங்கள் புது கிரானைட் வழியாகத்தான் மொட்டை மாடிக்குப் போகவேண்டுமா என்ன?