பழமும் இனிப்புநீரும்



பழனித் திருத்தலத்தின் வரலாறே ஒரு பழத்தை ஒட்டி எழுந்ததாகும். பாலும் பழமும் பஞ்சாமிர்தமும் இன்றி முருகன் விழா நிறைவுறுவதில்லை. ஆயினும் ஈப்போ வட்டாரத்தில் பழத்தட்டைக் கண்டதும் கையை இழுத்துக்கொள்ளும் பெரியவர்கள் இன்று பலர். 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களுள் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியரிடையே அது 31 ஆக உயர்ந்து நின்றது.

சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் பகுதித் தோட்டங்களில் விடியுமுன் நிரைக்குச் சென்று, 400, 500 மரங்களைச் சீவி, பால்வாளி சுமந்தோரின் தசைகள் உண்ட இனிப்பை எரித்துவிட்டன. பின்னர் ரப்பர்க் காடுகள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. உழைப்பு குறைந்தது. சோற்றின் அளவும் டின்பால் தேநீரும் மட்டும் குறையவில்லை. பழியோ பழத்தின்மேல் விழுந்தது!

பழம் பகையன்று. சீனாவில் ஏறத்தாழ 5 இலட்சம் பேரைப் பல்லாண்டுகள் கவனித்து, 2017இல் வெளியிடப்பெற்ற ஆய்வில், நாள்தோறும் பழம் உண்டோரிடையே இந்நோய் புதிதாகத் தோன்றுவது குறைவாகவே காணப்பட்டது. மென்று உண்ணும் பழத்தில் சர்க்கரை நார்ச்சத்தோடு கலந்திருப்பதால், அது மெல்ல மெல்லவே இரத்தத்தில் சேர்கின்றது. சாறு பிழிந்தால் நார் நீங்கிவிடும். மூன்று பழங்களின் இனிப்பு ஒரே மூச்சில் உள்ளே இறங்கிவிடும்.

பழத்துக்குப் பழம் அளவும் வேறுபடும். 100 கிராம் தம்புன் பம்ளிமாசில் மாவுச்சத்து ஏறத்தாழ 10 கிராம். அதே எடை டுரியான் சுளையில் 27 கிராம். பீடோர்க் கொய்யா நார்ச்சத்து மிக்கது. அதன்மேல் தூவும் அசாம்போய்த் தூளில் உப்பும் சீனியும் உள்ளன என்பதைப் பலர் எண்ணுவதில்லை. பம்ளிமாஸ் சில கொழுப்புக் குறைப்பு மாத்திரைகளுக்கு ஒவ்வாதது. மருத்துவரைக் கேட்டறிதல் நன்று. வயிறாரச் சோறுண்டு அதன்மேல் பழமும் உண்பது சுமைமேற் சுமை. சோற்றில் ஒரு பகுதியைக் குறைத்தோ, மாலையில் தனியாகவோ ஒரு சிறு வாழைப்பழம் உண்ணலாம். இரண்டு மணி நேரங்கழித்துக் கருவியில் இரத்தத்தைச் சோதித்தால், எந்தப் பழம் ஒத்துக்கொள்கின்றது என்பது விளங்கும். பஞ்சாமிர்தத்தில் வெல்லமும் தேனும் பேரீச்சையும் கூடுவதால், அது ஒரு கரண்டியோடு நிற்க வேண்டிய பிரசாதம்.

தைப்பூச விரதத்தில்தான் பெரும் இடர் உள்ளது. பகலெல்லாம் பட்டினி கிடந்து, இரவில் ஒரு சீப்பு வாழைப்பழத்தைப் பாலோடு உண்போர் உளர். அப்போது சர்க்கரை திடீரென ஏறும். ஊசியோ சிலவகை மாத்திரையோ எடுப்போர்க்குப் பகலில் அது ஆபத்தான அளவுக்குத் தாழவும் கூடும். ஆகவே, விரதம் தொடங்குமுன் மருந்தளவை மருத்துவரிடம் திருத்திக்கொள்ள வேண்டும். புந்தோங்கிலிருந்து கல்லுமலைவரை காவடியோடு நடக்கையில், நோயாளிக்குக் கைந்நடுக்கம், குளிர்வியர்வை, தடுமாற்றம் தோன்றினால் காவடியை உடனே இறக்கிவிடல் வேண்டும். மற்ற வேளைகளில் விலக்கிய பழச்சாறே அவ்வேளை மருந்து. உடன் செல்வோர் ஒரு சிறு பொட்டலமேனும் பையில் வைத்திருப்பார்களாக.