முழங்கால் ஜவ்வு கிழிந்தால்

(நங்கநல்லூரில் கட்டடத் தொழிலாளர் தம்பதியரிடையே ஆற்றிய உரை)



ஊரை விட்டு இந்த நங்கநல்லூருக்குக் கட்டட வேலைக்கு வந்திருக்கிறீர்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து உழைத்தால்தான் அடுப்பு எரிகிறது. அந்த உழைப்பைத் தாங்குவது முழங்கால்.

முழங்காலுக்குள் பிறை வடிவில் இரண்டு ஜவ்வுகள் மெத்தைபோல் இருக்கின்றன. டாக்டர்கள் மெனிஸ்கஸ் என்பார்கள். பாதம் ஊன்றியிருக்க, மடங்கிய முழங்கால் திருகிக்கொண்டால் இது கிழியும். வலி, வீக்கம் வரும். சிலருக்குக் கால் பாதியில் பூட்டிக்கொண்டு நீட்ட வராது.

"எண்ணெய் போட்டு உருவினா சரியாயிடும்" என்று இருந்துவிடாதீர்கள். பூட்டிய காலை இழுத்தால் கிழிசல் பெரிதாகலாம். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது, எம்.ஆர்.ஐ. ஸ்கேனில்தான் தெரியும்.

எல்லாருக்கும் ஆபரேஷனா? இல்லை. வயதாகித் தேய்ந்து கிழிந்தால் முதலில் உடற்பயிற்சிதான். பின்லாந்து டாக்டர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்டவர்களுக்கு ஜவ்வைச் சீவியதும், சீவாமல் சீவியதுபோல் செய்ததும் ஓராண்டில் ஒரே பலனையே தந்தன. ஆகவே நகையை அடகு வைக்குமுன் இன்னொரு டாக்டரையும் கேளுங்கள்.

ஆனால் கால் பூட்டிக்கொண்டவர்களும், இளவயதில் அடிபட்டுக் கிழிந்தவர்களும் தாமதிக்கக் கூடாது.

ஆபரேஷனுக்கு முழங்காலைப் பிளப்பதில்லை. இரண்டு மூன்று சிறு துளைகள் போட்டு, காமிராவில் பார்த்துச் செய்கிறார்கள். ஜவ்வின் வெளி ஓரத்தில் ரத்த ஓட்டம் உண்டு. அங்கே தைத்தால் கூடும். உள்பக்கம் கிழிந்தால் பெரும்பாலும் அந்தத் துணுக்கை மட்டும் சீவி எடுப்பார்கள்.

சீவியவர்கள் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். தைத்தவர்களுக்கு ஊன்றுகோல் சுமார் 6 வாரம். குந்துவதும் சம்மணமும் ஏறக்குறைய 4 மாதம் கூடாது. கக்கூசுக்கு நாற்காலி வசதி செய்து வையுங்கள்.

கணவருக்கு ஆபரேஷன் என்றால் மனைவி பார்த்துக்கொள்கிறாள். மனைவிக்கு என்றால்? "ரெண்டு நாள் படுத்தது போதும்" என்று சொல்லாதீர்கள், ஐயா! தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்குங்கள். தையல் விட்டுப்போனால் மறுபடி ஆபரேஷன்.

காய்ச்சலோ, கெண்டைக்கால் வீக்கமோ, மூச்சுத் திணறலோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

பழவந்தாங்கலில் மின்சார ரயிலேறிப் பூங்கா நிலையத்தில் இறங்கினால் அருகிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துச் சென்று விசாரியுங்கள். இருவரும் சேர்ந்தே போங்கள். டாக்டர் சொல்வதை இரண்டு பேரும் கேட்கவேண்டும்.