ரிப்போர்ட் நார்மல்னு மாத்திரையை நிறுத்தினேன்

எங்க குழுவுக்குக் கணக்கு எழுதுறவ நான். பத்து பைசா குறைஞ்சாலும் விடமாட்டேன். அப்படிப்பட்டவளே ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து ஏமாந்தேன்.

வயசு 52. பல வருஷச் சர்க்கரையில் கிட்னி கெட்டுப்போச்சு. டாக்டர் கொழுப்பு மாத்திரையும் எழுதினார். ரிப்போர்ட்டில் கெட்ட கொழுப்பு நார்மல். அப்புறம் எதுக்கு மாத்திரை, அந்தக் காசு கடன் தவணைக்கு ஆகுமேன்னு நானே நிறுத்திட்டேன். ஏழாம் மாசம் படியேறும்போது நெஞ்சை அடைச்சது.

டாக்டர் திட்டவில்லை, விளக்கினார். கிட்னி கெட்டால் ரத்தத்தில் டிரைகிளிசரைடு ஏறும், நல்ல கொழுப்பு இறங்கும். கெட்ட கொழுப்பு அளவு நார்மலாகவே தெரியலாம்; ஆனால் அதன் துகள்கள் சின்னதாகி, ரத்தக்குழாய்க்குள்ளே சுலபமாகப் படியுமாம். கிட்னிக்காரங்க பலரை டயாலிசிஸுக்கு முன்னாலேயே சாய்க்கிறது இதய நோய்தான். அதனால்தான் 50 வயசைத் தாண்டிய கிட்னி நோயாளிக்கு, கொழுப்பு அளவு எப்படி இருந்தாலும் ஸ்டேட்டின் மாத்திரை கொடுக்கணும்னு 2013-லேயே உலக வழிகாட்டுதல் வந்திருக்கு. டயாலிசிஸ் ஆரம்பிச்ச பிறகு புதுசாத் தொடங்கினால் பலன் குறைவு. ஏற்கனவே சாப்பிடுறவங்க தொடரலாம்.

உடம்பு தசை வலித்தால் டாக்டரிடம் சொல்லுங்க, என்னை மாதிரி நீங்களா நிறுத்தாதீங்க. இப்போ ராத்திரி சாப்பாட்டுத் தட்டோரம் மாத்திரையை எடுத்து வைக்கிறது என் பேத்தி வேலை.